பம்பரில் பெயின்ட் ஏன் உரிகிறது? பிளாஸ்டிக்குகளின் சண்டையைக் கணக்காக்கிய பால் ஃப்ளோரியின் கதை

காரின் இரும்புக் கதவில் உரசல் பட்டால் பெரும்பாலும் கோடு மட்டும்தான் விழும். அதே உரசல் பம்பரில் பட்டால் கதை வேற. சில வண்டிகளில் பெயின்ட் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும், உள்ளே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பளிச்சென்று தெரியும். வாட்டர் வாஷில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும்போதே உரிந்துபோன பம்பர்களும் உண்டு. மட்டமான பெயின்ட் என்று திட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம்.

எப்போதும் பெயின்ட் மேல் தப்பு இல்லை. இன்றைய கார் பம்பர்களில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கோடு ரப்பரைச் சேர்த்துச் செய்தவை. சேர்த்து என்றுதான் சொல்ல முடியும், கலந்து என்று சொல்ல முடியாது. உருக்கி, நசுக்கி, பிசைந்து எடுத்தாலும் ரப்பர் கண்ணுக்குத் தெரியாத குட்டித் துளிகளாகத் தனியாகவே நிற்கும். மேலே பூசும் பெயின்ட்டும் இன்னொரு வகை பாலிமர்தான். அதற்கும் பாலிப்ரொப்பிலீனுக்கும் ஆகவே ஆகாது. ஒருவரை ஒருவர் பிடிக்காத மூன்று பேரை ஒரே வீட்டில் குடிவைத்த மாதிரிதான் அந்தப் பளபள பம்பர்.

ஏன் பிடிக்கவில்லை, எவ்வளவு பிடிக்கவில்லை என்பதை எண்ணாகவே சொல்லலாம் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் பால் ஜான் ஃப்ளோரி. 1974ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசை யாரோடும் பங்கிடாமல் தனியாகப் பெற்றவர். 1985இல் இறந்துவிட்டார். அவருடைய பெயரைக் கேள்விப்படாமலே பிளாஸ்டிக்கைத் தொடாத ஒரு நாளும் நமக்குக் கிடையாது. மொபைல் கவர், சார்ஜர் ஒயர், பைக் ஹெல்மெட் என்று எதை எடுத்தாலும் அவர் கணக்கு எங்கேயோ ஒளிந்திருக்கும்.

ரயில் பெட்டியின் கொக்கி

1910 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சிறிய ஊரில் ஃப்ளோரி பிறந்தார். அப்பா எஸ்ரா ஃப்ளோரி, கல்விப் பணியும் செய்த பாதிரியார். அம்மா மார்த்தா பள்ளி ஆசிரியை. இந்தியானாவில் இருந்த மான்செஸ்டர் கல்லூரி என்ற சின்னக் கல்லூரியில் 1931இல் பட்டம் வாங்கினார். வேதியியல் மேல் அவருக்கு ஆசையை ஏற்படுத்தி, மேலே படிக்கத் தூண்டியவர் அங்கே இருந்த பேராசிரியர் கார்ல் ஹோல். அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம் அது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1934இல் முனைவர் பட்டம் முடித்தார். ஆய்வு ஒளிவேதியியல் பற்றியது. பிளாஸ்டிக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவரைப் பாலிமர் பக்கம் தள்ளியது வேலைதான். அதே 1934இல் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் இருந்த டுபான்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். போட்ட இடம் வாலஸ் கரோதர்ஸின் குழு. பின்னாளில் உலகமே நைலான் என்று அழைத்த பொருளை 1935இல் உருவாக்கிய குழு அது.

அந்தக் காலச் சூழலைக் கொஞ்சம் சொல்லணும். ரப்பரும் பட்டும் பருத்தியும் ஆயிரக்கணக்கான அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் என்று ஜெர்மானியர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இலேயே சொல்லிவிட்டார். பல பெரிய வேதியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. சின்ன மூலக்கூறுகள் ஏதோ ஒரு விசையால் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றே நம்பினார்கள். கரோதர்ஸ் வேறு வழியில் போனார். வாதம் செய்யாமல், தெரிந்த வேதிவினைகளை வைத்துச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக் காட்டினார். ஃப்ளோரி உள்ளே நுழைந்தபோது சங்கிலி இருக்கிறது என்பது கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. ஆனால் அதை வைத்து என்ன கணக்குப் போடலாம் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

மூலக்கூறு பெரிதாக ஆக அதன் வினைத்திறன் மந்தமாகிவிடும் என்பதுதான் அன்றைய பொதுக் கருத்து. பெரிய உடம்பு, மெதுவான நடை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 24 வயதில் வேலைக்கு வந்த ஃப்ளோரி அதை மறுத்தார். ரயிலின் கடைசிப் பெட்டியில் இருக்கும் கொக்கிக்கு, முன்னால் 5 பெட்டி இருக்கிறதா 25 பெட்டி இருக்கிறதா என்று தெரியாது. இன்னொரு பெட்டியை மாட்டுவது அதற்கு ஒரே வேலைதான். அதே மாதிரி சங்கிலியின் முனையில் நடக்கும் வினைக்குச் சங்கிலியின் நீளம் ஒரு பொருட்டே இல்லை என்றார். அது சரியென்றால், எவ்வளவு நீளச் சங்கிலி எத்தனை சதவீதம் இருக்கும் என்பதை நிகழ்தகவுக் கணக்கில் சொல்லிவிடலாம். 1936இல் வெளியான அந்தக் கட்டுரைதான் அவர் வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்திய முறைக்கு ஆரம்பம். ஒவ்வொரு மூலக்கூறையும் பின்தொடராமல், மக்கள்தொகைக் கணக்கு மாதிரி மொத்தமாக எண்ணும் முறை.

அதே ஆண்டு எமிலி கேத்தரின் டேபரைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள்.

அடுத்த ஆண்டு, 1937 ஏப்ரல் 29 அன்று, மனச்சோர்வால் நீண்ட காலம் அவதிப்பட்டு வந்த கரோதர்ஸ் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் அறையில் தற்கொலை செய்துகொண்டார். 41 வயது நிறைந்து இரண்டே நாள். நைலான் என்ற பெயரை அவர் கேட்கவே இல்லை. இளம் ஃப்ளோரியைக் கணக்குப் பக்கம் போக ஊக்கப்படுத்திய மனிதர் அவர். 1938இல் ஃப்ளோரி டுபான்ட்டை விட்டு சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போனார்.

கல்யாணக் கூட்டமும் ரயில் இருக்கைகளும்

அங்கே இரண்டு வருடம்தான். ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது. செயற்கை ரப்பர் அவசரத் தேவையாகிவிட்டது. 1940இல் ஃப்ளோரி நியூஜெர்சியில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவசரம் எவ்வளவு உண்மையானது என்பது 1942 தொடக்கத்தில் தெரிந்தது. ஜப்பான் மலேயாவைப் பிடித்தது. தமிழ்த் தொழிலாளர்கள் பால் எடுத்துக்கொண்டிருந்த அந்த ரப்பர் தோட்டங்கள் கைமாறியதும், டயருக்கு எங்கே போவது என்று அமெரிக்கா திண்டாடியது.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் நம் பம்பர் கதையின் மையம் வருகிறது. அப்போது தீர்க்க வேண்டியிருந்த கேள்வி: ரப்பரை பென்சீன் மாதிரியான திரவத்தில் கரைத்தால், அந்தக் கரைசல் ஏன் பாடப்புத்தக விதிப்படி நடப்பதில்லை? சர்க்கரைக்கும் ஆல்கஹாலுக்கும் ஓரளவு பொருந்திய விதிகள் ரப்பரிடம் வந்தால் மொத்தமாகத் தடம் புரண்டன.

ஃப்ளோரி ஒரு சதுரங்கப் பலகை மாதிரியான கட்டங்களைக் கற்பனை செய்துகொண்டார். ஒரு திரவ மூலக்கூறுக்கு ஒரு கட்டம். பாலிமர் சங்கிலிக்கு அடுத்தடுத்து ஆயிரம் கட்டம். இப்படி எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணினார். இதே யோசனை கோடாக் நிறுவனத்தில் இருந்த மாரிஸ் ஹக்கின்ஸுக்கும் தனியாக வந்திருந்தது. இருவர் கட்டுரையும் 1941இல் ஒரே ஆய்விதழில் வந்தன. ஹக்கின்ஸ் சில மாதம் முந்திக்கொண்டார். அதனால் இன்றுவரை ஃப்ளோரி-ஹக்கின்ஸ் கோட்பாடு என்றே பெயர்.

கட்டங்களை ரயில் இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 இருக்கை. பெண் வீட்டார் 50 பேர், மாப்பிள்ளை வீட்டார் 50 பேர். எல்லாரும் இஷ்டப்படி உட்காரலாம் என்றால் எத்தனை விதமாக உட்காரலாம்? எண்ணி மாளாது. இயற்கைக்கு இந்த எண்ணிக்கை ரொம்பப் பிடிக்கும். எத்தனை அதிக விதங்களில் அமைய முடியுமோ அந்த நிலைக்கே பொருள்கள் போகும். இதைத்தான் என்ட்ரோபி என்கிறார்கள். இரண்டு வீட்டாருக்கும் லேசான மனஸ்தாபம் இருந்தால்கூட, இந்தச் சுதந்திரத்தின் இழுப்பில் கலந்துதான் உட்காருவார்கள்.

இப்போது ஒரு நிபந்தனை. பெண் வீட்டார் 50 பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே சங்கிலியாக அடுத்தடுத்த இருக்கைகளில் உட்கார வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரும் அப்படியே. முன்பு 100 பேருக்கு 100 சுதந்திரம். இப்போது சங்கிலிக்கு ஒன்று வீதம் மொத்தமே இரண்டுதான். ஆனால் மனஸ்தாபம் குறையவில்லையே! பக்கத்து இருக்கையில் எதிர் வீட்டார் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் முகம் சுளிப்பு அப்படியே இருக்கிறது. சுதந்திரம் சங்கிலிக் கணக்கில் கூடுகிறது, வெறுப்போ இருக்கைக் கணக்கில் கூடுகிறது. பாலிமர் கலவைகளின் தலையெழுத்தை எழுதுவது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

அந்த மனஸ்தாபத்துக்கு ஒரு எண் உண்டு. கிரேக்க எழுத்தான கை அதற்குப் பெயர். (நம்ம கை இல்லை, வெறும் உச்சரிப்புதான் ஒன்று.) சின்ன மூலக்கூறுகள் இரண்டைச் சம அளவில் கலந்தால், இந்த எண் 2 வரை போனாலும் இந்தக் கணக்குப்படி கலந்தே இருக்கும். இரண்டு பக்கமும் ஆயிரம் அலகு நீளச் சங்கிலிகள் என்றால், 0.002ஐத் தாண்டினாலே பிரிய ஆரம்பித்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு சகிப்புத்தன்மை! தெர்மாக்கோல் செய்யும் பாலிஸ்டைரீனையும், ஷோகேஸ் கண்ணாடிக்குப் பதில் போடும் அக்ரிலிக்கையும் எடுத்துக்கொண்டால் அந்த எண் சுமார் 0.04. பார்க்க அற்பமாக இருக்கிறது. ஆனால் நீளச் சங்கிலிகளைப் பிரித்து வைக்கத் தாராளமாகப் போதும்.

இரண்டு பாலிமர்களுக்கு இந்தக் கணக்கைப் பின்னர் ராபர்ட் ஸ்காட் 1949இல் விரித்து எழுதினார். முடிவு ஒன்றுதான்: பிளாஸ்டிக்குகள் ஒன்றோடொன்று கலப்பது விதிவிலக்கு, பிரிந்து நிற்பதுதான் இயல்பு. குப்பையில் வரும் எல்லா பிளாஸ்டிக்கையும் ஒன்றாக உருக்கி ஏன் நல்ல பொருள் செய்ய முடியவில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? முதல் காரணம் இதுதான். சோம்பேறித்தனமோ அரசியலோ பிறகுதான் வரும்.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. பாலிஸ்டைரீனும் பாலிபினிலீன் ஆக்சைடு என்ற பிளாஸ்டிக்கும் உண்மையிலேயே ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவை. மனஸ்தாபத்துக்குப் பதில் ஈர்ப்பு இருப்பதால் முழுசாகக் கலக்கும். 1960களில் நோரில் என்ற பெயரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் விற்க ஆரம்பித்தது இந்தக் கலவையைத்தான்.

ஒன்றைச் சொல்லியே ஆகணும். இந்தக் கோட்பாடு அழகானது, ஆனால் முழுமையானது இல்லை. சில கலவைகள் சூடாக்கினால் பிரிகின்றன. கட்டக் கணக்கின் எளிய வடிவம் அதற்கு நேர் எதிராகச் சொல்லும். பின்னால் அதைச் சரிசெய்ய முயன்றவர்களில் ஃப்ளோரியும் ஒருவர். 1960களில் கட்டங்களை ஓரமாக வைத்துவிட்டுப் புதுக் கணக்கு போட்டார். தன் பெயரில் இருக்கும் சூத்திரத்தையே திருத்த உட்கார்ந்தவர் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஒரு பம்பரில் மூன்று கட்டுரைகள்

ஸ்டாண்டர்ட் ஆயில் நாட்களில் இன்னும் இரண்டு முக்கியமான கட்டுரைகள் வந்தன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெயின்ட் அடித்த பம்பரின் மொத்தக் கதையும் கிடைத்துவிடும்.

முதல் கட்டுரையைப் பார்த்துவிட்டோம். ரப்பரும் பாலிப்ரொப்பிலீனும் கலக்காது. ஆனால் இதில் ஒரு லாபமும் இருக்கிறது. ரப்பர் முழுதாகக் கலந்துவிட்டால் பம்பர் மொத்தமும் தொளதொளத்துப் போகும். தனித் துளிகளாக நிற்பதால்தான் மோதலின் அதிர்ச்சியை ரப்பர் வாங்கிக்கொள்கிறது, விறைப்பைப் பிளாஸ்டிக் பார்த்துக்கொள்கிறது. கலக்காமலும் இருக்கணும், கழன்றும் போகக் கூடாது. எல்லாமே அந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது.

அந்த எல்லை கத்தியால் வெட்டிய மாதிரி கூர்மையாக இருக்காது. இரண்டு பக்கச் சங்கிலிகளும் கொஞ்ச தூரம் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பும். எவ்வளவு தூரம் என்பதையும் அந்தக் கை என்ற எண்ணே முடிவுசெய்கிறது. மனஸ்தாபம் குறைந்தால் எல்லை அகலமாகும். பெல் ஆய்வகத்தின் யூஜின் ஹெல்ஃபாண்டும் தகாமியும் 1970களின் தொடக்கத்தில் இதைக் கணக்கிட்டார்கள். பாலிஸ்டைரீன், அக்ரிலிக் ஜோடியில் அளந்து பார்த்தபோது கிடைத்த அகலம் சுமார் 5 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனைப் பத்தாயிரம் கூறு போட்டால் வரும் ஒரு கூறு மாதிரி. இடியாப்பச் சிக்கல் மாதிரி இரண்டு பக்கச் சங்கிலிகளும் பின்னிக்கொள்ள அவ்வளவு இடம்தான். பின்னல் ஆழமாக இல்லையென்றால் இழுத்ததும் கையோடு வந்துவிடும்.

இரண்டாவது கட்டுரை 1943இல், ஜான் ரேனரோடு சேர்ந்து எழுதியது. ரப்பரைத் தின்னரில் போட்டால் கரையாமல் ஊதும் இல்லையா? எவ்வளவு ஊதும் என்பதற்கான கணக்கு அது. திரவம் உள்ளே நுழைந்து சங்கிலிகளை விலக்கப் பார்க்கும். சங்கிலிகளின் முடிச்சுகள் ஸ்பிரிங் மாதிரி பின்னால் இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் ஊதல் நிற்கும். பம்பருக்குப் பூசும் ப்ரைமரில் இந்த வித்தை நடக்கிறது. ப்ரைமரில் இருக்கும் கரைப்பான், மேற்பரப்புக்குக் கீழே இருக்கும் ரப்பர் துளிகளைக் கொஞ்சம் ஊத வைக்கிறது. வழி திறந்ததும் குளோரின் ஏற்றிய பாலிஒலிஃபின் சங்கிலிகள் உள்ளே நுழைகின்றன. இவை இரண்டு வீட்டுக்கும் வேண்டப்பட்ட சொந்தக்காரர் மாதிரி. உடம்பு பாலிப்ரொப்பிலீன் ஜாதி, குளோரின் இருப்பதால் பெயின்ட்டோடும் பேச்சுவார்த்தை உண்டு. கரைப்பான் ஆவியானதும் ரப்பர் சுருங்கி அவற்றைக் கவ்விக்கொள்ளும். இந்த ப்ரைமர் இல்லாமல், மேற்பரப்பைத் தீச்சுடரில் ஒரு நொடி காட்டி, ஆக்சிஜன் ஏற்றி ஒட்ட வைக்கும் முறையும் தொழிற்சாலைகளில் இருக்கிறது.

மூன்றாவது கட்டுரை 1941ஆம் ஆண்டு வந்தது. திரவமாக ஊற்றிய ஒன்று எந்தக் கணத்தில் திடமாக மாறுகிறது என்பது பற்றியது. வாட்ஸ்அப் ஃபார்வர்டை நினைத்துக்கொள்ளுங்கள். செய்தி வந்த ஒவ்வொருவரும் இரண்டு பேருக்கு மட்டும் அனுப்பலாம் என்று ஒரு விதி. பாதிக்கும் குறைவான வாய்ப்புகளில்தான் அனுப்புகிறார்கள் என்றால் செய்தி சீக்கிரம் செத்துவிடும். பாதியைத் தாண்டினால் நிற்காமல் ஊர் முழுக்கப் பரவும். மூன்று கை உள்ள மூலக்கூறுகள் கோத்துக்கொள்ளும்போதும் இதே கதைதான். ஒரு கையால் வந்த இணைப்பு மீதி இரண்டு கையால் வெளியே போகணும். பாதி இணைப்புகள் முடிந்த கணத்தில், அதுவரை தனித்தனியாக மிதந்தவை ஒரே ராட்சத மூலக்கூறாகிவிடும். பம்பர் மேல் கடைசியாக அடிக்கும் க்ளியர் கோட் பெரும்பாலும் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரிதேன். அது இறுகும் நேரம் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறது. வால்டர் ஸ்டாக்மேயர் பின்னர் விரிவாக்கியதால் அவர் பெயரும் இதோடு சேர்ந்துவிட்டது.

பம்பர் கலர் பக்கத்தில் இருக்கும் இரும்பு கலரோடு நூல் பிசகாமல் பொருந்தாததைச் சில வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். இரும்பு பாடியின் பெயின்ட்டை 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுடலாம். பிளாஸ்டிக்கை அவ்வளவு சுட்டால் வளைந்துவிடும். அதனால் பம்பரைத் தனியாக, குறைந்த சூட்டில், வேறு பெயின்ட்டில் அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் அந்த மெல்லிய வித்தியாசத்துக்கு இது ஒரு காரணம்.

ஆக, பெயின்ட் ஏன் உரிகிறது? ப்ரைமர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றால் எல்லையிலேயே கழன்றுவிடும். ஆச்சரியமான விஷயம் என்னவென்றால், ஒட்டு நன்றாக இருந்தாலும் சில சமயம் உரியும். உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். பெயின்ட் விடவில்லை, பிளாஸ்டிக்கே உள்ளுக்குள் ரப்பர் எல்லைகளின் ஓரமாகக் கிழிந்திருக்கிறது. குற்றவாளி ஒரு அடுக்கு கீழே ஒளிந்திருக்கிறார்.

கம்பெனிகளை விட்டு வகுப்பறைக்கு

1943இல் அக்ரான் நகரில் குட்இயர் டயர் நிறுவனத்துக்கு மாறினார் ஃப்ளோரி. அங்கே ஐந்து வருடம் ரப்பரின் வலிமை பற்றி வேலை. பிறகு 1948இல் நோபல் பரிசாளர் பீட்டர் டிபை அழைத்ததால் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிறப்பு விரிவுரைகள் கொடுக்கப் போனார். 38 வயது. அதுவரை கிட்டத்தட்ட முழுக்கக் கம்பெனி ஆய்வாளர். விரிவுரைக்குப் போனவர் அங்கேயே பேராசிரியர் ஆகிவிட்டார்.

அங்கேதான் தீட்டா வெப்பநிலை என்ற யோசனை பிறந்தது. கரைசலில் மிதக்கும் சங்கிலி, தன் மேலேயே தான் மோதாமல் இருக்கப் பார்த்துக் கொஞ்சம் உப்பிக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அந்த உப்பல் சரியாக ரத்தாகி, சங்கிலி தன் இயல்பான வடிவத்துக்கு வந்துவிடும். அந்தப் புள்ளியில் வைத்து அளந்தால் எல்லா பாலிமரையும் ஒரே தராசில் நிறுத்தலாம். உருகிய பிளாஸ்டிக்கிலும் சங்கிலிகள் இந்த இயல்பான வடிவத்தில்தான் இருக்கும் என்றும் ஃப்ளோரி சொன்னார். பலர் நம்பவில்லை. 1970களில் நியூட்ரான் கதிர்களை வைத்துப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. கிட்டத்தட்ட 20 வருடக் காத்திருப்பு.

கார்னெல் விரிவுரைகள் வளர்ந்து 1953இல் பாலிமர் வேதியியலின் அடிப்படைகள் பற்றிய தடித்த புத்தகமாக வந்தன. இந்தத் துறைக்கு வேதம் மாதிரி. இன்றும் ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களில் அதன் பெயரைப் பார்க்கலாம்.

அதே கார்னெலில், ஃப்ளோரி போய்ப் பல காலம் கழித்து, 2017இல் ஜெஃப்ரி கோட்ஸின் குழு ஒரு வேலை செய்தது. உலகில் அதிகம் தயாராகும் இரண்டு பிளாஸ்டிக்குகள் பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும். பார்க்க உடன்பிறப்புகள், உருக்கிச் சேர்த்தால் எலியும் பூனையும். ஒரே சங்கிலியில் கொஞ்சம் பாலிஎத்திலீன், கொஞ்சம் பாலிப்ரொப்பிலீன் என்று மாற்றி மாற்றிக் கோத்த பாலிமரை, மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து கோட்ஸ் குழு தயாரித்தது. அதை வெறும் 1 சதவீதம் சேர்த்ததும், பட்டென்று உடைந்த கலவை நன்றாக நீண்டு கொடுத்தது. எல்லையில் தையல் போட்ட மாதிரி. குப்பை பிளாஸ்டிக்கை ஒன்றாக உருக்கும் கனவுக்கு இது ஒரு நல்ல செய்தி. விலை கட்டுப்படியாகணும், அது தனி மண்டையிடி.

1957இல் பிட்ஸ்பர்க்கின் மெலன் நிறுவனத்தில் அடிப்படை ஆராய்ச்சியைப் பெரிதாகக் கட்டியெழுப்பப் போனார் ஃப்ளோரி. சொன்ன வாய்ப்பு பின்னால் திரும்பப் பெறப்பட்டது. சமரசம் செய்துகொண்டு உட்காரவில்லை. 1961இல் கிளம்பி ஸ்டான்ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1974இல் அங்கே இருக்கும்போதுதான் நோபல் வந்தது. அடுத்த ஆண்டு ஓய்வு.

நோபலை வைத்து அவர் செய்தது

நோபல் வாங்கிய பலர் அதன்பிறகு மாலைகளும் மேடைகளுமாக இருந்துவிடுவார்கள். ஃப்ளோரி அந்தப் பெயரைச் சோவியத் ரஷ்யாவில் துன்புறுத்தப்பட்ட விஞ்ஞானிகளுக்காகச் செலவழித்தார். இயற்பியலாளர் யூரி ஓர்லோவும் அனடோலி ஷரான்ஸ்கியும் 1977இல் கைதானார்கள். ஹைட்ரஜன் குண்டு தயாரிப்பில் பங்கெடுத்துப் பிறகு மனித உரிமைக்காகக் குரல் கொடுத்த ஆந்திரே சகாரோவ், 1980 ஜனவரியில் கார்க்கி நகருக்கு நாடு கடத்தல் மாதிரி அனுப்பப்பட்டார். இந்த மூவருக்காகவும் அமெரிக்க விஞ்ஞானிகள் அமைத்த குழுவில் ஃப்ளோரி முன்னால் நின்றார். சோவியத் நாட்டு ஆய்வாளர்களோடு ஒத்துழைப்பதை நிறுத்தி வைக்கணும் என்று சக விஞ்ஞானிகளைக் கேட்டுக்கொண்டார். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் கிழக்கு ஐரோப்பாவுக்கும் ரஷ்யாவுக்கும் பேசினார்.

இதில் எல்லாருக்கும் உடன்பாடு இல்லை. அறிவியலில் அரசியலைக் கலக்கக் கூடாது என்பவர்கள் அன்றும் இருந்தார்கள். பேச்சுவார்த்தைக் கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் என்ற வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஃப்ளோரி அசையவில்லை.

சகாரோவின் மனைவி எலேனா போன்னருக்கு இதய நோய், கண்ணிலும் கோளாறு. வெளிநாட்டில் சிகிச்சை எடுக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. சகாரோவ் உண்ணாவிரதம் இருந்து பார்த்தார். கட்டாயமாகக் குழாய் வழியே உணவு ஏற்றினார்கள். அந்த நாட்களில் ஃப்ளோரி ஒரு யோசனையை முன்வைத்தார். போன்னர் சிகிச்சைக்குப் போய்த் திரும்பி வரும்வரை தன்னைப் பிணையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சோவியத் அரசுக்குத் தெரிவித்தார். எழுபதைத் தாண்டிய வயது. விளம்பரத்துக்குச் செய்தார் என்று சொல்ல முடியாது, அதற்கு நோபலே போதும். சோவியத் அரசு அந்த யோசனையை எடுத்துக்கொள்ளவில்லை.

1985 செப்டம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் இருந்த தன் வார இறுதி வீட்டில் மாரடைப்பால் ஃப்ளோரி இறந்தார். 75 வயது. அதுவரை ஆய்வை நிறுத்தவில்லை.

அடுத்த மாதம் போன்னருக்கு அனுமதி வந்தது. டிசம்பரில் அவர் அமெரிக்கா வந்து சேர்ந்தார். 1986 ஜனவரியில் பாஸ்டனில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. பிப்ரவரியில் ஷரான்ஸ்கி விடுதலையானார், அக்டோபரில் ஓர்லோவ். அந்த டிசம்பரில் சகாரோவ் மாஸ்கோவுக்குத் திரும்பினார்.